சந்தனத்துக்கு அடியில் போட ஒன்று

விருதுநகர் சென்ட் கடையில் இன்று ஒரு மணி நேரம் நின்றேன். ஒன்றின் மேல் ஒன்றாகப் பூச இரண்டு வாசனை வேண்டும்.

"கனமானதை முதல்ல போடுங்கக்கா, அதுக்கு மேல சந்தனம். அம்புட்டுத்தான்" என்றார் கடைக்காரர்.

சந்தனம் உடனே சரியாக வந்தது. அடியில் போட கஸ்தூரி, அகில், வெட்டிவேர் என்று என்னென்னவோ எடுத்துக் காட்டினார். எதுவும் அது இல்லை.

சந்தனத்தை மட்டும் மணிக்கட்டில் பூசிக்கொண்டு சிவகாசி பஸ் ஏறினேன்.

ஆமத்தூரில், பட்டாசு கம்பெனி வேலை முடிந்து வந்த ஒரு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கூசிப்போய்ச் சொன்னார்:

"மேலெல்லாம் மருந்து வாடை அடிக்கும்மா. சென்ட்டெல்லாம் போட்டிருக்கீக, தள்ளி உக்காந்துக்கோங்க."

நான் நெருங்கி உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரருக்கும் சவுதிக்கு லாரி ஓட்டப் போகும்வரை இதே வேலைதான். சந்தன சோப்பு போட்டு இரண்டு தடவை குளித்தாலும் கழுத்தோரம் மருந்து மணக்கும். "இன்னொரு தடவை குளிங்க" என்று விரட்டியிருக்கிறேன்.

சிவகாசி வரைக்கும் மணிக்கட்டை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

இறங்கியதும் அவருக்கு போன் போட்டுச் சொன்னேன். "இப்ப எம்மேல டீசல் வாடைதான் அடிக்குது" என்றார்.

டீசலுக்கு மேல் எது பொருந்தும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பழகிக்கொள்கிறேன்.