பர்மிட் தேடி முந்நூறு கிலோமீட்டர்: பாலக்காடு, தாராபுரம், காரமடை

முந்தாநாள் வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்ததும், பல் துலக்கிக்கொண்டே தம்பி டேவிட்டுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அட்வான்ஸ் வாங்காதே. நான் விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்." வாயில் நுரையோடு இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

விஷயம் இதுதான். காரமடையில் அப்பா கட்டிய மூன்று படுக்கையறை வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. டேவிட் ஓசூரில் இருக்கிறான், நான் கோவையில். விற்றுவிடலாம் என்பது அவன் கட்சி. வாங்க ஆளும் பார்த்துவிட்டான். ஹோம்ஸ்டே நடத்தலாம் என்பது என் கட்சி. பக்கத்தில் இருக்கிற மேட்டுப்பாளையத்தில் காலை மலை ரயில் பிடிக்க வரும் குடும்பங்கள், முந்தின ராத்திரி தங்க இடம் தேடி அலைவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அனுமதி கிடைக்கும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் சொல்லிவிட்டால் வீடு தப்பிக்கும். இல்லாவிட்டால் அன்று சர்ச்சில் பூசை முடிந்த கையோடு அட்வான்ஸ் கைமாறிவிடும்.

இணையத்தில் படித்தால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். அதனால், வாட்ஸாப் குழுவில் பழக்கமான, ஏற்கெனவே ஹோம்ஸ்டே நடத்துகிற இரண்டு பெண்களை ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒருவர் பாலக்காடு, மற்றவர் தாராபுரம். பதினான்கு ஆவணங்களை வரிசையாக அடுக்கிய ஃபைல் ஒன்றும் கூடவே வந்தது. அந்த ஃபைல்மேல் எனக்கு அப்படி ஒரு பெருமை!

ஆறரைக்கு வாடகைக் கார் வந்தது. டிரைவர் பழனிச்சாமி அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மதுக்கரை தாண்டி, வாளையாறுக்கு முன்னால் ஒரு டீக்கடையில் ஓரங்கட்டிவிட்டு போனை எடுத்தார்.

"ஏனுங்கண்ணா, நின்னுட்டீங்க?"

"கேரளாவுக்குள்ள நுழையோணும்னா காருக்குப் பர்மிட் போடோணுமுங்க அம்மணி. நீங்க ஊட்டுக்குப் பர்மிட் தேடிப் போறீங்க. முதல்ல காருக்கு எப்படிப் போடறதுன்னு பாத்துக்குங்க."

பத்தே நிமிடம், ஒரு டீ. பர்மிட் வந்துவிட்டது. வீட்டுக்கும் இவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

ஐம்பத்தைந்து கிலோமீட்டர், எட்டேகாலுக்குப் பாலக்காடு. வத்சலா சேச்சியின் வீடு கோட்டையிலிருந்து பத்து நிமிடம். புட்டும் கடலையும் வைத்துவிட்டு என் ஃபைலைப் புரட்டினார்.

"பேப்பர் ஒக்கே சரி. நீங்க அந்த வீட்டில்தானே தாமசம்?"

"இல்லைங்க சேச்சி. கோவையில் இருந்துகொண்டே ஆள் வைத்துப் பார்த்துக்கலாம்னு..."

சேச்சி ஃபைலை மூடிவிட்டார். "இங்கே சோதனைக்கு வந்தவங்க கெஸ்ட் ரூமில் நின்னது அஞ்சு மினிட். பின்னே நேரே என் பாத்ரூம். மக்கில் எத்தனை பிரஷ், ஈரம் உண்டோ, எல்லாம் நோக்கினாங்க! வீட்டுக்காரி இல்லாத வீடு ஹோம்ஸ்டே இல்லை மோளே, லாட்ஜ்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கேரளாக்காரர்கள் கறார், நம் பக்கம் அப்படி இருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஒன்பதரைக்குக் கிளம்பினேன்.

பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தாராபுரம் நூற்றுப் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்தச் சாலைக்காகவே ஒருமுறை போய் வரலாம். பொள்ளாச்சி வரை இரண்டு பக்கமும் தென்னை. உடுமலை தாண்டியதும் வானம் திறந்துகொள்ள, காற்றாலைகள் ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில் சுற்றுகின்றன. கண்ணாடியை இறக்கினால் காது அடைக்கிற காற்று. கவலையை மறந்து பாட ஆரம்பித்துவிட்டேன். பழனிச்சாமி அண்ணன் ரேடியோவை அணைத்தது மரியாதைக்கா, சுருதிக்கா என்று தெரியவில்லை.

ஒன்றேகால் மணிக்கு ஈஸ்வரி அக்கா வீட்டில் இலை போட்டுவிட்டார்கள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பர்மிட் பேச்சே எடுக்கவிடவில்லை. அதுதான் அவர் மாட்டிக்கொண்ட கதையும்.

"வந்து எறங்குனவங்க கிட்ட, தண்ணிகூடக் குடுக்காம, ஆதார் குடுங்கன்னு எப்படீங்க கேக்கறது? மொதல்ல சோத்தப் போட்டுப்போடுவேன். அப்பறம் கேக்கலாம்னு பாத்தா, தூங்கப் போயிருவாங்க. காலைல கேக்கலாம்னா, கார்ல ஏறிக் கையாட்டுவாங்க."

அனுமதியைப் புதுப்பிக்கும் நேரத்தில் சுற்றுலாத் துறை ஆள் வந்து பார்த்தால், விருந்தினர் பதிவேட்டில் 'ஈரோட்டு டாக்டர் குடும்பம்', 'பாப்பா அழுதவங்க', 'மோர் ரெண்டு சொம்பு குடிச்சவர்' என்று இருந்திருக்கிறது. அடையாள எண் என்ற இடமெல்லாம் காலி.

"யாருங்கம்மா இவங்கெல்லாம்னு கேட்டாரு. எல்லாம் நம்ம ஒரம்பரைங்க தானுங்கன்னேன். சொந்தக்காரங்க வந்து தங்கறதுக்கு எதுக்குங்கம்மா அனுமதி, குடுத்ததத் திருப்பிக் குடுங்கன்னு சிரிச்சாரு பாருங்க, எனக்கு மானமே போச்சு." இப்போது அவர் ஃப்ரிட்ஜில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது: 'மொதல்ல ஆதார். அப்பறம் தண்ணி.'

பழனிச்சாமி அண்ணன் சிரித்த சிரிப்பில், குடித்துக்கொண்டிருந்த மோர் புரையேறிவிட்டது.

கிளம்பும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "நீங்க அங்கியேதானுங்க குடியிருப்பீங்க? இங்கயும் அதைத்தான் மொதல்ல கேப்பாங்க. கேக்காட்டியும், ஆளில்லாத ஊட்டுக்கு யாரு கண்ணு வருவா?"

அங்கிருந்து திருப்பூர், அவிநாசி, அன்னூர் வழியாகக் காரமடைக்கு நூற்றைந்து கிலோமீட்டர். பாதி வழி அக்கா கேட்டதையே யோசித்துக்கொண்டு வந்தேன். மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் என் வேலைக்கு ஒரு மேசையும் இணையமும் போதும். அந்த மேசை கோவையில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. வீட்டைக் காப்பாற்ற ஆவணம் ஆவணமாகத் தேடிய நான், அந்த வீட்டுக்குள் என்னை ஒரு தடவைகூட நிறுத்திப் பார்த்ததில்லை.

காரமடை ரத வீதியில் தண்ணீர் வாங்க வண்டி நின்றபோது, நான் இறங்கிப் போய் முப்பது ரூபாய்க்கு ஒரு பிரஷ் வாங்கினேன்.

"பிரஷ் மறந்துபோட்டு வந்துட்டீங்களா அம்மணி? இனி ஒரு மணி நேரம், கோவை ஊட்டுக்கே போயிரலாமுங்களே."

"மறக்கலீங்கண்ணா" என்றேன்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மொத்தம் சுமார் முந்நூறு கிலோமீட்டர். வாடகை, டிரைவர் படி, டோல், வாளையாறு பர்மிட் எல்லாம் சேர்த்து 5,100 ரூபாய். இரண்டு ஊரிலும் சுற்றுலாத் துறைக்குத்தான் விண்ணப்பம் என்றார்கள். பாலக்காட்டில் போலீஸ் சான்றிதழும், வீட்டுக்குள் வந்து பார்த்துத் தரம் போடுவதும் பெரிய கட்டம். தாராபுரத்தில் வரி ரசீதும் பதிவேடும். இது அவரவர் அனுபவம். விதிகள் மாறும், உங்கள் ஊர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஃபைல் அடுக்குவதற்கு முன்னால், அந்த வீட்டில் யார் குடியிருக்கப்போகிறார்கள் என்று தீர்மானித்துவிடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

ஆறு மணிக்கு வீட்டைத் திறந்தேன். குழாய் கொஞ்ச நேரம் இருமிவிட்டுத் தண்ணீர் விட்டது. மக்கைக் கழுவி, புது பிரஷை நனைத்து, அதில் நிறுத்தி வைத்தேன். டேவிட் 'என்னாச்சு?' என்று கேட்டிருந்தான்; 'ஞாயிறு சொல்றேன்' என்று பதில் போட்டேன். கணவர் போனில், "எல்லாம் விசாரிச்சியா?" என்றார். "விசாரிச்சேன்" என்றேன். அவர் வேலை பார்க்கும் கல்லூரிக்குக் காரமடையிலிருந்து ரயிலில் போய்வர முடியும் என்பதை மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் நான் காரமடையில்தான் குடியிருக்கப்போகிறேன். யாருக்கும் தெரியாது. அவருக்கு இந்த வலைப்பூவைப் படிக்கும் பழக்கம் இல்லை. நாளை பூசை முடிகிறவரை நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.