காம்பவுண்டு மேல் நின்ற பாட்டில்கள்

ராஜலக்ஷ்மியின் கணவர் இறந்த பத்தாம் நாள், தெருக்குழாயடியில் வைத்து அவள் வளையல்களை உடைத்தார்கள். மறுநாள் தண்ணீர் பிடிக்கப் போக அவளுக்குக் கால் எழவில்லை. மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனால், அங்கே ஒரு சில்லுகூட இல்லை. விடியும் முன்பே வேதநாயகி வந்து, சிமெண்டு வெடிப்பில் சிக்கிக் கிடந்ததைக்கூட விரலால் நோண்டி எடுத்துவிட்டாளாம். பிறர் சொல்லித்தான் தெரிந்தது. அவளாக வாய் திறக்கவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் அந்தத் தெருவைப் பெருக்கியவள் வேதநாயகி. தங்கை உஷாவும் கூட வருவாள். விசில் ஊதிக்கொண்டு குப்பை வண்டி வாசலுக்கே வர ஆரம்பித்த புதிது. சோறு, சாம்பல், பாட்டில் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டிக் கொடுப்பார்கள். அக்காவும் தங்கையும் வெறுங்கையால் பிரிப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோவிந்தராஜன் வீட்டுக் கவருக்குள் உஷா கையை விட்டாள். பழஞ்சோற்றுக்கு அடியில் நொறுக்கிய பிராந்தி பாட்டில். வலது உள்ளங்கை கிழிந்து நரம்பு அறுந்தது. காயம் ஆறியும் விரல்கள் மடங்கவில்லை. துடைப்பம் பிடிக்க முடியாதவள் எதற்கு என்று மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்திவிட்டான்.

கோவிந்தராஜன் முருகன் கோயில் கமிட்டித் தலைவர். ஆடிக் கிருத்திகைக்கு மைக் பிடித்துக் குடிகாரர்களைத் திட்டுகிறவர். முழு பாட்டில் தெருவில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று உடைத்துச் சோற்றில் புதைத்திருக்கிறார். நியாயம் கேட்கப் போன வேதநாயகியை, என் வீட்டில் ஏது பாட்டில், எங்கேயோ கீறிக்கொண்டு வந்து என் தலையில் கட்டுகிறாயா என்று விரட்டிவிட்டார்.

அன்று குழாயடியில் ராஜலக்ஷ்மியிடம் அவள் சொன்னாள்: "அந்தாளு தன் கையாலயே பாட்டில எடுத்தாந்து, தெருவே பாக்க என் வண்டில வைக்கணும் அக்கா. அதுவரைக்கும் விடமாட்டேன்."

முருகன் பார்த்துக்கொள்வான் என்றாள் ராஜலக்ஷ்மி.

"முருகனுக்கு ஆயிரம் வேலை. இத நான் பாத்துக்கறேன்."

மறுநாளிலிருந்து அவர் வீட்டுக் கவரை மட்டும் வாசலிலேயே கொட்டிப் பிரித்தாள். பாட்டில் கழுத்துகளைப் பொறுக்கிக் கழுவி, அவர் காம்பவுண்டுச் சுவர் மேலேயே வரிசையாக நிறுத்தினாள். எடுத்தால் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர் அதைத் தொடவில்லை. பிறகு அவர் வாக்கிங் போவதுபோலப் போய், பாட்டில்களைப் பக்கத்துத் தெருத் தொட்டியில் போட்டார். அந்தத் தொட்டியை அள்ளுகிறவளும் வேதநாயகிதான். பாட்டில்களைச் சுற்றியிருந்ததோ கோயில் திருவிழா நோட்டீஸ். அவர் பேர் அச்சடித்த அந்த நோட்டீஸையும் சேர்த்தே சுவரில் வைத்தாள். "தலைவரே, இது அபிஷேகத்துக்கா?" என்று பால்காரன் கேட்டுவிட்டுப் போனான்.

புகார் போய் மேஸ்திரி வந்தான். வேதநாயகி அசரவில்லை. இது தன்னுடையதில்லை என்று அவரே சொல்லட்டும், யாருடையது என்று கேட்டு உரியவர் வீட்டில் கொண்டு போய் வைக்கிறேன் என்றாள். கோவிந்தராஜன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேஸ்திரி சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டான்.

மற்ற வீடுகளுக்கு அவள் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. ஆனால் நம் வீட்டுச் சமாசாரமும் சுவர் ஏறுமோ என்ற பயம் தெருவைப் பிடித்துக்கொண்டது. ஊறுகாய் ஜாடி, மருந்து பாட்டில், டியூப்லைட் எல்லாம் அரிசிப் பையில் தனியாக, உடையாமல் வர ஆரம்பித்தன.

ஆடி நெருங்கியது. சுவரைப் பார்த்துவிட்டு யார் கோயிலுக்கு நன்கொடை தருவார்கள் என்று கமிட்டிக்காரர்கள் நெருக்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வண்டிக்குக் காத்து நிற்கும்போது, கோவிந்தராஜன் ஒரு பை நிறையப் பாட்டில்களோடு வந்து நீட்டினார்.

வேதநாயகி வாங்கவில்லை. "ஒவ்வொண்ணா வைங்க சார். உடைஞ்சா கைல குத்தும்."

குனிந்து ஒவ்வொன்றாக வைத்தார். அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அந்த ஆடிக்கு அவர் மைக்கைத் தொடவில்லை.

சில வருடம் கழித்து வேதநாயகியை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். சொல்லிக்கொண்டு போக வந்தவளுக்கு ராஜலக்ஷ்மி காபி கொடுத்தாள். கோவிந்தராஜன் இப்போது கண்ணாடியைத் தனியாகத்தான் தருகிறார், தினம் சந்நிதியில் அழுகிறார், போகிற நேரத்திலாவது மன்னித்துவிடேன் என்று கேட்டாள்.

வேதநாயகி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"சாமி மன்னிச்சிருக்கும் அக்கா. சாமி கைல கண்ணாடி ஏறலியே. உஷா இன்னும் இடது கையாலதான் சாப்பிடறா. நாளைக்கு வர்றவகிட்ட சொல்லிடுங்க, அந்த வீட்டு மூட்டைல மட்டும் கொட்டிப் பாக்காம கைய விடாதேன்னு."