லாரி இல்லாத அறுபத்திரண்டு கிலோமீட்டர்

நீவெஸ் ஆறு சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து இறக்கிய அன்று, இத்தாலி மலைநாட்டில் எங்கள் ஊர் ரொக்காதோராவில் சிரிக்காதவர் ஒருவரும் இல்லை. நானும் சிரித்தேன். மறைப்பானேன்? இருபத்திரண்டு வருடம் ஷூ தொழிற்சாலையில் தோல் தைத்தவள் அவள். தொழிற்சாலை மூடியதும் மற்ற பெண்கள் கடற்கரை நகரத்துக்கு வேலை தேடிப் பஸ் ஏறினார்கள். இவள் மட்டும் கைக்கு வந்த கடைசிப் பணத்தில் சைக்கிள் வாங்கினாள். எங்கள் தாத்தாக்கள் இந்த மேடுகளுக்குப் பயந்துதான் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கே ஓடினார்கள். அந்த மேட்டில் மூச்சிரைப்பதற்கு எவனாவது காசு கொடுத்து வருவானா என்று காபிக் கடையில் கேலி பேசினோம்.

வந்தார்கள். ஹாலந்திலிருந்து, டென்மார்க்கிலிருந்து, மேடு என்றால் என்னவென்றே தெரியாத ஊர்களிலிருந்து வந்தார்கள். நீவெஸ் முன்னால் போவாள். ஏற்றம் கடுமையானால் எங்கள் ஊர் வசவுகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டே மிதிப்பாள். பின்னால் வருகிறவர்களும் அர்த்தம் தெரியாமல் கோரஸாகத் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். பாதிரியார் ஒருநாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டதை நானே பார்த்தேன். உச்சிக்குப் போனதும் அத்தனை முகமும் தக்காளியாகச் சிவந்திருக்கும், அத்தனை வாயும் சிரிக்கும்.

அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். கார், லாரி ஓடாத வழியாகவே கிளம்பி, கார், லாரி ஓடாத வழியாகவே ஊர்ச் சதுக்கத்துக்குத் திரும்பிவர வேண்டும். மலைநாட்டில் அப்படி ஒரு வழி தானாக அமையாது. மூன்று வருடம் தேடினாள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் வெள்ளை மண்சாலைகள், பழைய ஆலை வாய்க்காலின் கரை, சூரியகாந்தி வயல் ஓரத்தில் டிராக்டர் போகும் தடம் என்று துண்டு துண்டாகக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பண்ணை வீட்டுக் கதவையும் தட்டி அனுமதி கேட்டாள். எந்த வீட்டு நாய்க்கு என்ன பெயர், எந்த நாய் காலைக் கவ்வும், எது குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எந்த மேடு எவ்வளவு செங்குத்து என்று பேனாவால் முன்கையில் எழுதிக்கொண்டு வருவாள்.

அறுபத்திரண்டு கிலோமீட்டர் வட்டம் அது. அதில் இரண்டே கிலோமீட்டர் மட்டும் ஒட்டவில்லை. ஓநாய்ப் பள்ளம் என்று ஓடையோரமாக ஒரு பழைய கழுதைப் பாதை உண்டு. மிலான் நகரத்துக்காரர் ஒருவர் அந்த நிலத்தை வாங்கி, பாதைக்குக் குறுக்கே சங்கிலி போட்டுவிட்டார். அதனால் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு நெடுஞ்சாலையில்தான் போயாக வேண்டும். அங்கே கல் குவாரி லாரிகள் காதோரம் உரசிக்கொண்டு போகும். போன மே மாதம் ஒரு லாரி கிளப்பிய காற்றிலேயே ஹாலந்து டீச்சர் ஒருத்தி பள்ளத்தில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டாள்.

அன்று மாலை நீவெஸ் காபிக் கடைக்கு வந்தாள். ஓநாய்ப் பள்ளம் திறந்தால் தொழில் செய்வேன், திறக்காவிட்டால் சைக்கிளை விற்றுவிட்டு நானும் கடற்கரைக்குப் பஸ் ஏறுவேன் என்றாள். வழக்குப் போட்டிருந்தாள். கழுதைப் பாதை ஊருக்குப் பொதுவானது. ஆனால் இருபது வருடம் யாருமே நடக்காத பாதைக்கு அந்த உரிமை செத்துப்போகும் என்று சட்டம். இருபது வருடமாக அங்கே ஈ காக்கைகூடப் போகவில்லை என்று மிலான்காரரின் வக்கீல் எழுதிக் கொடுத்துவிட்டார். ஜூன் பதினான்காம் தேதி நீதிபதி ஊருக்கே வந்து விசாரிக்கப் போகிறார். நடந்தேன் என்று சொல்ல ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

"யாராவது போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். கடையில் பதினோரு ஆண்கள் இருந்தோம். ஒருவர் கோப்பைக்குள் பார்த்தார், ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் என் நாய் பிரிச்சோலாவின் காதைச் சொறிந்தேன். நீவெஸ் இரண்டாவது தடவை கேட்கவில்லை. இந்த ஊரில் பிறந்தவள், அவளுக்குத் தெரியாதா?

நாங்கள் பதினோரு பேருமே அங்கே போகிறவர்கள். ஓநாய்ப் பள்ளத்து ஓக் மரங்களின் அடியில்தான் டிரஃபிள் விளைகிறது. மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு, நாயின் மூக்குக்கு மட்டுமே பிடிபடும், தங்க விலைக்குப் போகும் கறுப்புக் காளான். எங்கள் ஊரில் ஒருவன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று கேட்கலாம், யாரோடு சுற்றுகிறான் என்றுகூடக் கேட்கலாம், எந்த மரத்தடியில் டிரஃபிள் தோண்டுகிறான் என்று கேட்கவே கூடாது. தெற்கே போகிறவன் காரை வடக்கே கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்துவான். திரும்பும்போது ஷூவில் வேறு வயலின் மண்ணைப் பூசிக்கொள்வான். நான் நாற்பது வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் வாயை மூடிக்கொண்டே கெட்டோம். யாரும் போகவில்லை, போகவில்லை என்று ஊரே சாதித்து, கடைசியில் சட்டமும் அதை நம்பிவிட்டது.

விசாரணைக்கு முந்தைய நாள் மத்தியானம் நீவெஸின் வீட்டைக் கடந்து போனேன். ஆறு சைக்கிளையும் வாசலில் வரிசையாக நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்த்திருந்த அட்டையில் 'விற்பனைக்கு' என்று எழுதியிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க மாமா, வெயிலா இருக்குல்ல?" என்றாள். அவ்வளவுதான். ஒரு குத்தல் இல்லை, ஒரு கெஞ்சல் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து நாயை அதட்டினேன், மனைவியை அதட்டினேன், சூப்பில் உப்பில்லை என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஊராட்சி மண்டபம் நிரம்பி வழிந்தது. சாட்சி உண்டா என்று நீதிபதி அம்மா கேட்டார். என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்துகொண்டன.

"நான் போயிருக்கேங்க. வாரத்துக்கு மூணு நாள். நாப்பது வருஷமா."

பின்வரிசையில் என் மனைவி பெர்னாந்தாவின் குரல் கணீரென்று வந்தது: "நாப்பது வருஷமா வடக்கே போறேன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க? நாய்க்குத் தெரிஞ்சது பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாதா?"

நீதிபதியே சிரித்துவிட்டார். வக்கீல் சிரிக்கவில்லை. ஊர்க்காரிக்காக யாரும் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அந்தப் பாதையில் இவருக்கு என்ன வேலை, எந்த இடத்துக்குப் போவார், சரியாகச் சொல்லட்டும் என்றார். வக்கீலும் மிலான்காரர்தான். என்ன கேட்கிறோம் என்று அவருக்கே தெரியாது. நீவெஸ் எழுந்து, "வேண்டாம் மாமா" என்றாள்.

சொன்னேன். சங்கிலியைத் தாண்டி இரண்டாவது வளைவு. இரண்டாயிரத்து ஒன்பதில் சரிந்த கற்சுவர். அதற்கு அப்பால் இடது கைப்பக்கம் மூன்று ஓக் மரங்கள். நடுமரத்தில் இடி விழுந்த தழும்பு இருக்கும். அதன் கிழக்குப் பக்கம், மூன்று எட்டு தூரத்தில். என் போட்டியாளன் நாசரேனோ, பாடம் படிக்கும் பிள்ளையைப் போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். அவனை அடிக்கக் கை துறுதுறுத்தது.

நீதிபதி அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போனார். சுவர் இருந்தது, தழும்பு இருந்தது. நாற்பது வருடம் நான் தோண்டி மூடிய தடங்களும் இருந்தன. பாதை உயிரோடுதான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சங்கிலியை அவிழ்த்தபோது நீவெஸ் போட்ட கூச்சலில் பிரிச்சோலா மிரண்டு ஓடைக்குள் குதித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீவெஸ் முழு வட்டத்தையும் சுற்றக் கிளம்பினாள். ஆறு சைக்கிளுக்குப் பின்னால் ஊரில் இருந்த துருப்பிடித்த சைக்கிள்களெல்லாம் கிளம்பின. பாதிரியாரும் போனார். நான் என் மரத்தடிக்கு நடந்தே போய் உட்கார்ந்தேன். மரத்தடி பன்றிக் கூட்டம் புகுந்த மாதிரி கிடந்தது. நான்கு நாளில் பத்துப் பேரும் வந்து பார்த்திருக்கிறார்கள். வயிறு எரிந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

பதினோரு மணிக்குச் சத்தம் கேட்டது. முதலில் வசவு, பிறகு சக்கரங்கள். நீவெஸ் வளைவில் தலை காட்டினாள், என்னைப் பார்த்தாள், குழிகளைப் பார்த்தாள். பிரேக்கைப் பிடித்துக் கால் ஊன்றினாள். கண் கலங்கியிருந்தது.

"எல்லாத்தையும் நோண்டிட்டாங்களே மாமா."

"நிக்காதே போ. பின்னாடி ஊரே மேட்டுல நிக்குது" என்றேன்.

போனாள். இருநூறு பேர் என் முன்னால் போனார்கள். மணியடித்துக்கொண்டும் மூச்சிரைத்துக்கொண்டும் போனார்கள். கடைசியாக நாசரேனோ வந்தான். அவன் மகளின் சைக்கிள், முன்னால் கூடை, வியர்வையில் குளித்திருந்தான். குழிகளைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு போனான்.

மூன்று மணி வாக்கில் செல்போன் அடித்தது. சதுக்கத்திலிருந்து நீவெஸ். பின்னால் ஒரே ஆரவாரம், கோயில் மணி வேறு.

"சுத்தி வந்துட்டேன் மாமா. ஒரு லாரிகூடப் பாக்கல. ஒண்ணுகூட."

எழுபத்தோரு வயதுக் கிழவன் நான், தோண்டிப்போட்ட மண் மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், வேறு எதற்கும் இல்லை.