நான் கழித்துப்போட்ட பாசி

சுகந்தி அக்கா இறந்த செய்தியை அவருடைய தம்பி போடியில் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கிட்டங்கிக்கே வந்து சொன்னார். நான் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பேச்சி மதினி என் பங்குக் காயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ வெரசா கெளம்பு ஆத்தா, இத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அக்காவின் நினைவாக இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடன் ஆராய்ச்சிக் கப்பலில் போனவர்கள். எனக்கு அவர் சிலமலை கிராமத்தில் எதிர்வீட்டு அக்கா. உடம்பு முடியாமல் ஊருக்கு வந்த பிறகும் கணினியில் வேலை பார்த்தார். கண் சோர்ந்துபோனதால் என்னைக் கூப்பிட்டார். "நாள் பூரா காய் பாக்குற கண்ணுடி உனக்கு. இதையும் பாரு."

கடல் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்து எடுத்த படங்கள். பாசி உள்ளவற்றைச் சேர்த்து எண்ண வேண்டும். குப்பையை ஒதுக்க வேண்டும். ஒன்பதாவதோடு நின்றவள் நான். கேள்வி கேட்கக் கூச்சம். கிட்டங்கியில் செய்வதையே செய்தேன். பச்சையாக இருந்ததை எடுத்தேன். பழுப்பாக, வைக்கோல் பிரிபோல் இருந்ததையெல்லாம் கழித்தேன்.

மூன்றாம் நாள், கப்பலிலிருந்து எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். கடல்மேல் மரத்தூள் கொட்டியதுபோல் பழுப்புப் பட்டை. "நீ எண்ணுன பாசிதான். கூட்டமாச் சேந்தா இப்படித் தெரியும்."

என் எண்ணிக்கை அன்று மாலை அவருடைய ஆராய்ச்சிக் குழுவுக்கு அவர் பெயரில் போகவிருந்தது. வாசல்வரை போனவள் திரும்பி வந்தேன். "அக்கா, பழுப்பையெல்லாம் நான் கழிச்சிட்டேன்."

இருமல் வரும்வரை சிரித்தார். "ஏலக்காக்காரிகிட்ட குடுத்தா பச்சையத்தான எடுப்பா! நான்ல சொல்லிருக்கணும்." பிறகு சொன்னார்: "நடுக்கடல்ல தழைச்சத்து ரொம்பக் கம்மிடி. இந்தப் பாசி காத்துல உள்ளதப் பிடிச்சுத் தழைச்சத்தாக்கும். அது தண்ணில கசிஞ்சு மத்த பாசி பொழைக்கும். அதத் தின்னு பூச்சி, பூச்சியத் தின்னு மீனு. மலைத் தோட்டத்துக்கு ஜீப்புல உரம் ஏத்துறாக. கடலுக்கு யாரு ஏத்துவா? நீ கழிச்சதுதான் ஏத்துது."

இருவரும் முதலிலிருந்து பார்த்தோம். ஏன் தாமதம் என்று கேட்டவர்களிடம் தன் உடம்பைக் காரணம் சொன்னார்; என்னைச் சொல்லவில்லை. எண்ணி முடித்த அன்று குழுவிலிருந்து போன் வந்தது. என் கையில் கொடுத்துவிட்டார். "எண்ணுனவ நீ. நீதான் சொல்லணும்." எண்ணிக்கையைச் சொன்னேன். "யாரும்மா பேசுறது?" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். "பேரச் சொன்னா தேஞ்சா போயிரும்?" என்றார் அக்கா.

அன்று போனில் பெயர் கேட்டவரும் இதைப் படிப்பார். அக்கா எனக்கு விட்டுப்போன தைரியத்தில் இப்போது சொல்கிறேன். என் பெயர் முத்துலட்சுமி. முதலில் தப்பாக எண்ணியதும் நான்தான். பிறகு சரியாக எண்ணியதும் நான்தான்.