ஒலிபெருக்கி கடலைப் பார்த்திருந்த நாள்

அக்கா புத்தளக் கரையோர ஊரான உடப்பில், கரைவலை இழுக்கும் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அடுத்தவள் நான். சிறு வயதில் நீண்ட காய்ச்சலில் படுத்து அவருக்கு ஒரு வருடப் படிப்பு போனது. அதனால் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் வந்து சேர்ந்தோம். அவருடைய பொறுமையையும் விருந்தோம்பலையும் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வாங்கில் இருந்தவள் என்ற உரிமையில் நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் நாங்கள் உயர்தரம் படித்தோம். தமிழ்ப் பாடத்தில் ஒரு பழைய நாடகம் இருந்தது. போருக்குப் போன அரசன் பிணமாகத் திரும்புகிறான், அரசி அழுகிறாள். கதை அவ்வளவுதான், மீதியெல்லாம் செய்யுள். எங்களில் பலருக்கு அது தலைவலி. அக்காவோ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கருவாடு காயும் பாய்க்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, ஒரு கையால் காகம் கலைத்துக்கொண்டு அதைப் பாடமாக்குவார். அவருடைய புத்தகத்தைத் திறந்தால் தமிழுக்கு முன்னால் கருவாட்டு வாடைதான் வரும். தமிழ் ஆசிரியையாக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அப்பாவுக்கோ பெண் பிள்ளை படித்தது போதும் என்ற எண்ணம்.

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர் தில்லையடியிலிருந்து பஸ்ஸில் வருவார். தொண்ணூறில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சிறு பிள்ளையாகப் புத்தளம் வந்தவர். நாடகத்தை வாசித்தால் மட்டும் போதாது, நடித்தால்தான் விளங்கும் என்று சொல்லி, பாடசாலை விழாவில் மேடையேற்ற ஏற்பாடு செய்தார். அரசியாக அக்கா. அரசனாக, அப்பாவின் தமக்கையாகிய எங்கள் மாமியின் மகன். இன்றைய எங்கள் அத்தான் அவர்தான். வசனம் குறைவு, கடைசியில் படுத்திருந்தால் போதும் என்றதும் உடனே ஒத்துக்கொண்டார். நான் தோழி, எனக்கு இரண்டு வரி.

விழா நாளில் கடலில் நல்ல மீன்பாடு. ஆண்கள் எல்லோரும் கரையில் நின்றார்கள். சேர் மனம் தளரவில்லை.

“அவங்களுக்கு வர ஏலாட்டி என்ன? ஸ்பீக்கரைக் கடற்கரைப் பக்கம் திருப்பி வைங்க. வலை இழுக்கிற வாப்பாமாரும் கேக்கட்டும்” என்றார்.

நாடகம் நன்றாகவே போனது. அரசனை வெள்ளைத் துணியால் மூடிக் கிடத்தினோம். அக்கா செய்யுளில் அழத் தொடங்கினார். முன்வரிசைப் பெண்கள் வெற்றிலை மென்றுகொண்டு இருந்தார்கள். ஐந்தாவது வரி அக்காவுக்கு மறந்துவிட்டது. நான் பக்கத்திலிருந்து மெல்ல எடுத்துக் கொடுத்தேன், கேட்கவில்லை. ஒரு கணம் குனிந்து நின்றவர், திடீரென்று எங்கள் ஊர் ஒப்பாரியை எடுத்துவிட்டார்.

“தோணியெல்லாம் கரை சேர, என் தோணி எங்க போச்சோ…”

எங்கள் ஊரில் ஒப்பாரி கேட்டால் பெண்கள் இருந்த இடத்தில் இருக்கமாட்டார்கள். வெற்றிலையைத் துப்பிவிட்டு மேடையில் ஏறி, அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு அவர்களும் அழத் தொடங்கினார்கள். சேருக்கு ஒரே சந்தோஷம். சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தார்.

வசனமெல்லாம் அலைச் சத்தத்தில் அமுங்கிப்போக, கடற்கரைக்குக் கேட்டது ஒப்பாரி மட்டும்தான். அதுவும் பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து. பாதி இழுத்த வலையின் கயிற்றைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வீட்டிலிருந்து மாமி வந்து சேர்ந்தார். மேடையில் வெள்ளைத் துணிக்குள் தன் மகனைக் கண்டதும் அவர் மேலேயே விழுந்தார்.

“அம்மா, நான் சாகல்ல! எழும்புங்க, மூச்சு முட்டுது!”

எழுந்து உட்கார்ந்த அரசனின் கன்னத்தில் மாமி ஓர் அறை விட்டார். வாசலில் ஆண்கள் இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு மூச்சிரைக்க நின்றார்கள். வலையில் இருந்த மீன் கடலுக்கே போய்விட்டது.

மீன் போனதை ஊர் மன்னித்திருக்கும். சாவில்லாத இடத்தில் ஒப்பாரி வைப்பது சாவைக் கூப்பிடுவது போல என்று நம்புகிற ஊர் இது. அம்மா கோயிலுக்கு ஓடினார். அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்.

“நாளையிலயிருந்து பள்ளிக்கூடமும் வேணாம், நாடகமும் வேணாம்.”

சேர் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். அப்பா தேத்தண்ணீர் கொடுத்தார், முடிவை மாற்றவில்லை. அக்கா புத்தகங்களை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கருவாட்டுப் பாயருகே வெறுங்கையோடு இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

சில நாட்களில் மாமி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தோம்.

“யாருக்குடி அப்படி அழுதாய்?” என்று அக்காவைக் கேட்டார்.

“ராணி ராசாவுக்கு அழுதா, மாமி.”

“ராணியோ ஆரோ” என்ற மாமி அப்பாவின் பக்கம் திரும்பினார். “தம்பி, நல்லாக் கேட்டுக்க. என்ட மகன் உசிரோட இருக்கயிலேயே அவனுக்கு இப்படி அழ இவளை விட்டா ஆள் இல்ல. இவள்தான் எனக்கு மருமகள். ஆனா முதல்ல படிச்சு டீச்சரா வரட்டும். குறை சொல்ற ஆக்களை என்னட்ட அனுப்பு.”

தமக்கையை எதிர்த்துக் கதைத்து அப்பாவுக்குப் பழக்கம் இல்லை. மறுநாள் அக்கா பள்ளிக்கூடம் வந்தார்.

பின்னர் கல்வியியற் கல்லூரி, புத்தளத்தில் ஆசிரியர் நியமனம், அத்தானுடன் திருமணம், ஒரு மகன். அக்காவின் வாழ்க்கை அவர் ஆசைப்பட்டபடியே நடந்தது. அந்த நாடகத்தை வருடந்தோறும் படிப்பித்தார். அழுகைக் காட்சி வந்ததும், “பிள்ளைகள், ஜன்னலைச் சாத்துங்க” என்பாராம். ஏன் என்று மாணவர்களுக்குக் கடைசி வரை சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் பயம் தீரவில்லை. அத்தான் கடலுக்குப் போகும்போதெல்லாம் அவர் திரும்பும் வரை கரையையே பார்த்திருப்பார். பயந்தது ஒரு பக்கம், வந்தது வேறு பக்கம்.

சென்ற வருடம் அக்காவுக்கு நோய் கண்டது. சிலாபம் ஆஸ்பத்திரியில் அத்தான் கட்டிலருகே இருந்தார். அக்கா அவரைச் சீண்டினார்.

“அண்டைக்கு நீங்க படுத்தீங்க, நான் அழுதேன். இப்ப ஆள் மாறியிருக்கு. ஆனா நீங்க அழ வேணாம், உங்களுக்கு வசனம் வராது.”

அத்தான் சிரிக்க முயன்றார், முடியவில்லை. அதன்பின் அக்கா அதிக நாள் இருக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சமைத்து அனுப்பிய அயலவருக்கும், பாடசாலைச் சமூகத்துக்கும், தில்லையடியிலிருந்து வந்து கடைசி வரை முற்றத்தில் நின்ற எங்கள் சேருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்லவேண்டும். அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலை கடலில் கிடந்தது. மாமி தன் மருமகளின் தலைமாட்டில் அமர்ந்து, “ஜன்னலெல்லாத்தையும் திற புள்ள, கரைக்குக் கேக்கட்டும்” என்றார். நான் திறந்தேன். அக்கா மேடையில் எடுத்த அதே ஒப்பாரியை மாமி எடுத்தார்.

அன்று ஏமாந்து ஓடிவந்தவர்கள், இன்னொரு முறை கயிற்றைப் போட்டுவிட்டு, ஈரச் சாரத்தோடு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி.