ரப்பர் வாலும் தராசு முள்ளும்

பொந்தியான் கடலோரத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் போடுவது என் வேலை. நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது.

ஒருநாள் சதுப்புக் காட்டோரம் செத்த ஓங்கில் ஒன்று, டால்பின், ஒதுங்கியது. தோட்டத்து இன்ஜினைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி அதன் வாலை இரண்டு விரற்கடைக்கு ஓரிடமாக அகலமும் கனமும் அளந்து நோட்டில் எழுதினார்.

"இவ்வளவு பெரிய உடம்ப இந்த வால் எப்படிய்யா தள்ளுது?"

அதே அளவில் பலகை வால் செய்து சம்பான் படகின் பின்னால் மாட்டினார். காலால் மிதித்தால் வால் மேலும் கீழும் ஆடும். படகை ஸ்பிரிங் தராசோடு சேர்த்துக் கரைத் தூணில் கட்டினார். படகு இழுக்கும் பலத்தை முள் காட்டும். மிதித்தோம், முள் அசையவே இல்லை.

"ரப்பர்ல போட்டுப் பாக்கலாமுங்க" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

தோட்டத்துத் துரையிடம் கேட்டு ரப்பர் பால் வாங்கினார் மேஸ்திரி. நான் அதை வால் வடிவில் உறைய வைத்து, பழக்கதோஷத்தில் ஷீட் நசுக்கும் உருளையில் கொடுத்துச் சீராக எடுத்தேன். எங்களுக்கு எங்கும் ஒரே கனமாக இருந்தால்தான் நல்ல ஷீட். அந்த வால் தண்ணீரில் ஈரத்துணி மாதிரி தொங்கியது.

"மேஸ்திரி, துணி தொவைக்கிறீங்களா?" என்று கங்காணி சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்யா. அதுக்கப்புறம் பால் கெடையாதுன்னுட்டாரு துரை" என்றார் மேஸ்திரி. என்னை ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் சுட்டது. என் பேச்சை நம்பித்தான் அவர் துரையிடம் போய் நின்றார்.

அப்போதுதான் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அடியில் மூன்று விரல் கனம். போகப் போகக் குறைந்து, விளிம்பில் இலை மாதிரி மெல்லிசு. அத்தனையையும் உருளையில் நசுக்கியவன் நான்.

களிமண்ணில் அச்சு குழைத்து, அடிப்பக்கம் பள்ளமாக, விளிம்புப் பக்கம் மேடாக வழித்தேன். பாலை அடுக்கடுக்காக ஊற்றினேன். உருளைப் பக்கமே போகவில்லை.

ஞாயிறு காலை மேஸ்திரி மிதித்தார். அடிப்பகுதி விறைப்பாக எழுந்தது. நுனி சற்றுத் தாமதித்து வளைந்து பின்தொடர்ந்தது. கயிறு விறைத்தது. முள் மெல்ல ஏறி, இறங்காமல் நின்றது. கங்காணி குனிந்து முள்ளையே பார்த்தார்.

"அலமாக்! இழுக்குதுய்யா!" என்று மலாய்க்காரர் மாதிரி வியந்து கத்தினார்.

நான் கரையிலிருந்து கையைத் தண்ணீருக்குள் விட்டேன். வாலிலிருந்து வந்த நீர் உள்ளங்கையைத் தள்ளியது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பிராணி நாள் முழுதும் இப்படித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

"எத்தனை ராத்தல்னு படிச்சுச் சொல்லுய்யா, எழுதணும்" என்றார் மேஸ்திரி. எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தேன்.