உள்மிஷின் மேகலா

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டு வந்து உட்கார்ந்தால்தான் மேகலாவுக்குத் தொண்டை திறக்கும். மைக்குக்கு வெளியே எழும் சத்தமெல்லாம் அவளுக்குப் பகை. வயலில் ஓடும் கதிர் அறுக்கும் இயந்திரம், தெருவில் கூவிப் போகும் மீன்காரர், மாமனார் வீரையனின் தும்மல். முதல் இரண்டையும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. துண்டு, தும்மலுக்கு. அதைப் பார்த்தால் வீரையன் கொல்லைப்பக்கம் போய்த் தும்மிவிட்டு வருவார்.

ஒரத்தநாட்டை ஒட்டிய கிராமத்தில், விதைநெல் மூட்டைக்கும் பீரோவுக்கும் நடுவே அவளுடைய மேசை. எந்த மென்பொருளைக் கணினியில் எப்படி நிறுவுவது என்று தமிழில் காட்டித்தரும் யூடியூப் சேனல் அங்கிருந்துதான் போகிறது. தமிழ் விசைப்பலகை, பிரிண்டர், கடைக் கணக்கு என்று எதையும் விடுவதில்லை. "நெக்ஸ்ட்னு ஒண்ணு வரும் பாருங்க, அழுத்துங்க. அப்பறம் ஐ அக்ரீன்னு ஒண்ணு. எதுக்கு அக்ரீன்னு நம்மள்ல யாரும் படிச்சதில்ல. அதையும் அழுத்துங்க."

ஒரே கணினியில் ஒரு மென்பொருளைப் புதிதாக நிறுவிக் காட்டுவது ஒரு தடவைதான் முடியும். நடுவில் வாய் குழறினால் போச்சு. மறுபடி முயன்றால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று அது முறைக்கும். அதற்காகத்தான் மேகலா விர்ச்சுவல் மெஷின் வைத்திருக்கிறாள். கணினித் திரையில் ஒரு ஜன்னல்; அந்த ஜன்னலுக்குள், தன்னை நிஜக் கணினி என்றே நம்பிக்கொண்டிருக்கும் இன்னொரு கணினி. அவள் வைத்த பெயர் உள்மிஷின். ஆரம்பிக்கும் முன் அதன் நிலையை அப்படியே சேமித்துக்கொள்வாள். பிறகு என்ன கெடுத்தாலும், ஒரு சொடுக்கில் பழையபடி ஆகிவிடும்.

"பொட்டிக்குள்ள பொட்டியா? அதுக்குத் தனியா கரண்டு ஆவுமா?" என்று வீரையன் ஒருமுறை கேட்டார்.

"இல்ல மாமா, எல்லாம் ஒரே கரண்டுதான்."

"வெள்ளாமைக்கும் இப்படி ஒண்ணு இருந்தா தேவலாம். மழையில சாஞ்ச நெல்ல ஒரே அமுக்குல நிமுத்திரலாம்."

வெளியே மேகலா பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பாள். ஆனால் உள்மிஷினுக்குள் நுழைந்துவிட்டால் ராணி. அழிப்பாள், பிரிப்பாள், கலைத்துப்போட்டுச் சிரிப்பாள். பார்ப்பவர்களுக்குப் பிடித்ததே அந்தச் சிரிப்புதான். 'அக்கா சொன்னா பயமே இல்ல' என்று கீழே எழுதுவார்கள்.

போன சித்திரையில் ஒரு போன் வந்தது.

"மேகலாங்களா? திருவாரூர்லேர்ந்து மெஹராஜ் பேகம் பேசுறேங்க. தையக்கடை வச்சிருக்கேன். லேப்டாப்பு மெதுவா ஓடுதேன்னு, உங்க வீடியோவப் பாத்து விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டேன். சூப்பரா ஓடுது. என் போட்டோவெல்லாம் எங்கங்க வச்சிருக்கும்?"

மேகலா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். பேசிக்கொண்டே அந்த வீடியோவைத் திறந்தாள். அவளுடைய குரலேதான், சிரிப்பும் அதேதான்: "டிஸ்க்க அழிக்கட்டுமான்னு கேக்கும். பயப்படாம ஆமான்னு அழுத்துங்க."

அந்த வீடியோவை எடுத்தது உள்மிஷினில்; அங்கே அழிவதற்கு ஒன்றுமே இல்லை. அதை அவள் வீடியோவில் எங்கேயும் சொல்லவில்லை.

"அக்கா, அத அப்படியே ஆஃப் பண்ணி மூடி வச்சிடுங்க. ஒண்ணுமே செய்யாதீங்க. காலைல நான் வர்றேன்."

மறுநாள் மன்னார்குடி வழியாகத் திருவாரூருக்குப் பேருந்து ஏறினாள். பையில் ஒரு ஹார்ட் டிஸ்க், அழிந்ததைத் தோண்டி எடுக்கும் மென்பொருள் கொண்ட பென் டிரைவ். கடையில் கல்யாணத் துணிகள் குவிந்து கிடந்தன. மெஹராஜ் பேகம் தைத்த ஒவ்வொரு ரவிக்கையையும் படமெடுத்து வைப்பவர். வாடிக்கையாளர் பெயர், தோள், மார்பு, கை அளவு எல்லாம் அந்தப் படத்தின் பெயராகவே பதிந்திருக்கும். தோண்டத் தோண்டப் படங்கள் வந்தன. பெயர்கள் வரவில்லை, பெயர் இருந்த இடத்தில் வெறும் எண்கள். சில படங்கள் பாதியோடு சாம்பல் நிறமாக நின்றன.

"இது யாருதுக்கா?"

மெஹராஜ் பேகம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "முதுகுல ஜன்னல் வச்சதா? பேங்க் மேடம். இது அவங்க நாத்தனாரு, அவங்களுக்குப் போட்டியா கேட்டது."

"அளவு?"

"அது பேருலல்ல இருந்துச்சு!"

மேகலாவே கடை போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "தோள் அளவு மறுபடி எடுக்கணுங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." வந்தவர்களில் ஒருத்தி டேப்பைப் பார்த்ததுமே, "போன வருச அளவே இருக்கட்டுமே, அதான் அழகா இருந்துச்சு" என்றாள். கடையே சிரித்தது. மேகலா டேப்பைப் பிடித்தாள், மெஹராஜ் பேகம் அளவு சொன்னார். அடுத்த நாளும், மூன்றாம் நாளும் போனாள். கல்யாணத் துணிகளுக்கு வேண்டிய அளவுகள் ஒருவழியாகச் சேர்ந்தன. பழைய வடிவங்களில் பல போனது போனதுதான்.

மெஹராஜ் பேகம் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. கிளம்பும்போது மட்டும், "நீங்க சொன்ன விதம் அப்படிங்க. ஒண்ணும் ஆவாதுன்னே தோணிப்போச்சு" என்றார். வீடு வரும்வரை பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே மென்றுகொண்டு வந்தாள் மேகலா.

சேனலில் அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான். வந்ததும் அதை நீக்கினாள். புதிதாக எடுக்க உட்கார்ந்தபோது உள்மிஷினைத் திறக்கவில்லை. தன் சொந்த லேப்டாப்பையே மேசையில் வைத்தாள். உள்ளே இருந்ததையெல்லாம் வெளி டிஸ்க்கில் நகல் எடுப்பதை முதலில் பொறுமையாகக் காட்டினாள். நிஜக் கணினியில் லினக்ஸ் நிறுவும்போது திரையை அதனாலேயே பதிந்துகொள்ள முடியாது. அதனால் கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி மேலிருந்து படம்பிடித்தாள். இத்தனை நாள் அம்புக்குறியை மட்டுமே பார்த்தவர்களுக்கு முதல் தடவையாக அவளுடைய கை தெரிந்தது.

"இப்ப டிஸ்க்க அழிக்கட்டுமான்னு கேக்குது" என்றாள். கை மவுஸிலிருந்து விலகியது; படத்துக்கு வெளியே போய்ச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தது. மவுஸின் மேல் அமராமல் கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே கிடந்தது.

அந்த இடத்தை அவள் வீடியோவிலிருந்து வெட்டவில்லை.